பைசெப்ஸும் அகோனிஸ்ட், சால்பியூட்டமாலும் அகோனிஸ்ட்: ஒன்று சுருங்க, இன்னொன்று தளர்த்துவது ஏன்?

பிசியோதெரபி படிக்கும் ஒருவர் கேட்ட கேள்வி இது: "உடற்கூறியல் வகுப்பில், முழங்கையை மடக்கும்போது பைசெப்ஸ்தான் அகோனிஸ்ட், அது சுருங்குகிறது என்றார்கள். மருந்தியல் வகுப்பில் ஆஸ்துமா மருந்தான சால்பியூட்டமாலும் அகோனிஸ்ட் என்கிறார்கள். ஆனால் அது மூச்சுக்குழல் தசையைத் தளர்த்துகிறது. அகோனிஸ்ட் என்றால் தூண்டுவதுதானே? அப்புறம் தசை எப்படித் தளரும்? இரண்டும் ஒன்றா, வேறா?"

முதலில் சுருக்கமான பதிலைச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் வேறு வேறு தளத்தில் நடப்பவை. உடற்கூறியலில் அகோனிஸ்ட் என்பது ஓர் அசைவில் ஒரு தசை எடுத்துக்கொள்ளும் பங்கு. மருந்தியலில் அது ஓர் ஏற்பியின் மேல், அதாவது செல்லில் மருந்து வந்து ஒட்டும் புரதத்தின் மேல், ஒரு மூலக்கூறு எடுத்துக்கொள்ளும் பங்கு. ஆனால் இரண்டிலும் ஒன்று பொது: அந்தப் பங்கு நிரந்தரமானது இல்லை. பைசெப்ஸ் எல்லா அசைவிலும் அகோனிஸ்ட் கிடையாது. சால்பியூட்டமால் ஓர் ஏற்பியை இயக்குகிறது என்பதிலிருந்து தசை சுருங்குமா தளருமா என்று சொல்லிவிடவும் முடியாது. எந்த அசைவில், எந்த செல்லின் எந்த ஏற்பியில் என்று கேட்டால்தான் விஷயம் முழுசாகும்.

இனி விரிவாகப் பார்ப்போம். தசையிலிருந்து தொடங்கலாம், அதைத் தொட்டே பார்த்துவிடலாம்.

வலது கையில் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளுங்கள். இடது கை விரல்களை வலது மேற்கையின் முன்பக்கம் வைத்து, முழங்கையை மடக்குங்கள். பைசெப்ஸ் திரண்டு கெட்டியாகும். அதற்கு அடியில், எலும்பை ஒட்டி பிரேக்கியாலிஸ் என்ற தசை இருக்கிறது. வெளியே அவ்வளவாகத் தெரியாது, ஆனால் உள்ளங்கை எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும் முழங்கையை மடக்குவதில் அது உழைக்கும். இந்த அசைவில் இவை அகோனிஸ்ட். பின்பக்கம், எதிர்த்திசையில் இழுக்கும் ட்ரைசெப்ஸைத் தொட்டால் தொளதொளவென்று இருக்கும். அது ஆன்டகோனிஸ்ட்.

இப்போது பாட்டிலை மெதுவாகக் கீழே இறக்குங்கள். முழங்கை நீள்கிறது. முழங்கையை நீட்டுவது ட்ரைசெப்ஸ் என்றுதான் படித்திருக்கிறோம். ஆனால் விரல் என்ன சொல்கிறது? ட்ரைசெப்ஸ் இன்னும் தளர்ந்தே இருக்கிறது, பைசெப்ஸ்தான் கெட்டியாக இருக்கிறது. கையைக் கீழே இழுப்பது புவியீர்ப்பு. அது கையைத் தடாலென்று போட்டுவிடாமல் பைசெப்ஸ் நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்கிறது. எக்சென்ட்ரிக் வேலை என்று நீங்கள் படிப்பது இதைத்தான். தேர்வில் மாணவர்கள் அதிகம் சறுக்குவதும் இங்கேதான். மூட்டு எந்தப் பக்கம் நகர்கிறது என்று மட்டும் பார்த்து, அந்தப் பக்கத்துத் தசையின் பெயரை எழுதிவிடுகிறார்கள். வெளிவிசை எந்தப் பக்கம் இழுக்கிறது, அதை யார் தாங்குகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

பாட்டிலை வைத்துவிட்டு, மேசை மேல் உள்ளங்கையை வைத்துக் கீழ்நோக்கி அழுத்துங்கள். மூட்டு நகரவே இல்லை, ஆனால் ட்ரைசெப்ஸ் கல்லாகிவிடும். மாடிப்படி இறங்குவதையும் இப்படியே யோசியுங்கள். ஒவ்வொரு படியிலும் மேல்படியில் ஊன்றிய காலின் முழங்கால் மடங்குகிறது. வேலை செய்வதோ முழங்காலை நீட்டும் குவாட்ரிசெப்ஸ். பழநி மலைக்குப் படியேறிப் போய்வந்தவர்களுக்கு மறுநாள் முன்தொடை பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இறங்கியதால்தான், ஏறியதால் இல்லை. நீண்டுகொண்டே இழுக்கும் தசையில்தான் அந்த மறுநாள் வலி அதிகம் வரும்.

ஆன்டகோனிஸ்ட் என்றவுடன் வேலையைக் கெடுக்கும் தசை என்று நினைத்துவிட வேண்டாம். மணிக்கட்டை உள்ளங்கைப் பக்கமாக முழுக்க மடக்கிக்கொண்டு முஷ்டி பிடித்துப் பாருங்கள். பிடி இறுகாது. விரல்களை மடக்கும் தசைகள் ஏற்கெனவே குறுகிப்போய்விட்டன, இனி இழுக்க அவற்றுக்கு நீளம் இல்லை. சாதாரணமாக நாம் எதையாவது இறுக்கிப் பிடிக்கும்போது, மணிக்கட்டைப் பின்னால் நிமிர்த்தும் தசைகள் கூடவே சுருங்கி மணிக்கட்டை நிறுத்திவைக்கின்றன. ரேடியல் நரம்பு அடிபட்டு மணிக்கட்டு தொங்கிப்போனவரின் கையைப் பிடித்துப் பார்த்தால் இது உடனே புரியும். விரல் மடக்கும் தசைகளுக்கு எந்தச் சேதமும் இல்லை, ஆனாலும் பிடியில் பலம் இருக்காது. மணிக்கட்டை நீங்கள் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு "இப்ப பிடிங்க" என்றால் பிடி இறுகும். மணிக்கட்டை நிமிர்த்தி வைக்கும் ஸ்ப்ளின்ட் கொடுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

சரி, மருந்துப் பக்கம் வருவோம். அங்கும் கதை தொடங்குவது ஒரு தசையில்தான்.

1905-ல் கேம்பிரிட்ஜில் ஜான் நியூபோர்ட் லாங்லி என்ற உடலியங்கியல் அறிஞர், கோழியின் கால் தசையில் நிகோட்டினும், தசையை முடக்கும் விஷமான க்யூராரேயும் என்ன செய்கின்றன என்று பார்த்தார். நிகோட்டின் கொடுத்தால் தசை சுருங்கி விறைத்தது. க்யூராரே கொடுத்தால் அந்த விறைப்பு இளகியது. இரண்டும் நரம்பின் முனையில்தான் வேலை செய்கின்றன என்று சொல்லிவிடலாமே? அதற்காக அவர் நரம்பை வெட்டி, அது சிதைந்துபோகும்வரை காத்திருந்து திரும்பச் செய்தார். நரம்பே இல்லாத தசையிலும் நிகோட்டின் வேலை செய்தது, க்யூராரே அதைத் தடுத்தது. அப்படியானால் இவை இரண்டும் போட்டி போடும் இடம் தசையிலேயே இருக்கிறது. ஆனால் க்யூராரே கொடுத்த தசையை நேரடியாக மின்சாரத்தால் தூண்டினால் அது சுருங்கத்தான் செய்தது. சுருங்குகிற இயந்திரம் கெடவில்லை என்று அர்த்தம். நரம்புக்கும் அந்த இயந்திரத்துக்கும் நடுவில், தசையின் மேல், ஏற்றுக்கொள்கிற பொருள் ஒன்று இருக்க வேண்டும் என்று லாங்லி முடிவுகட்டினார். அதைத்தான் இன்று ரிசெப்டர், ஏற்பி என்கிறோம். கண்ணால் காணாத ஒன்றை இரண்டு விஷங்களையும் ஒரு கோழிக்காலையும் வைத்து அவர் கண்டுபிடித்த விதம் எனக்கு இன்றும் பிரமிப்பு.

ஏற்பியை விளக்கப் பாடப்புத்தகங்கள் பூட்டு, சாவி என்பார்கள். தொடக்கத்துக்கு அது போதும், ஆனால் அதிலேயே நின்றுவிட்டால் பின்னால் வரும் பாதி விஷயம் புரியாது. ஏற்பி ஒரு புரதம். அது ஆடாமல் அசையாமல் சாவிக்காகக் காத்திருப்பதில்லை. எந்த மருந்தும் இல்லாத நேரத்திலும் ஓய்வு வடிவத்துக்கும் இயங்கு வடிவத்துக்கும் இடையே மாறிக்கொண்டிருக்கும். பெரும்பாலான நேரம் ஓய்வில் இருக்கும், எப்போதாவது தானாகவே இயங்கு வடிவத்துக்குத் தாவித் திரும்பும். இயங்கு வடிவத்தில் நன்றாக ஒட்டுகிற மூலக்கூறு வந்தால் ஏற்பி அந்த வடிவத்திலேயே அதிக நேரம் நிற்கும். அந்த மூலக்கூறு அகோனிஸ்ட். இரண்டு வடிவத்திலும் ஒரேபோல ஒட்டுவது இடத்தை அடைத்துக்கொள்ளும், வேறொன்றும் செய்யாது. அது ஆன்டகோனிஸ்ட். ஓய்வு வடிவத்தையே விரும்பி ஒட்டுவதும் உண்டு, அதை இன்வெர்ஸ் அகோனிஸ்ட் என்கிறார்கள். சளி, அரிப்புக்கு நாம் போடும் செட்ரிசின் இந்த வகைதான். ஹிஸ்டமின் ஏற்பியை அடைப்பதோடு, அது தானாக முணுமுணுக்கும் அந்தக் கொஞ்ச இயக்கத்தையும் குறைத்துவிடும்.

இதில் நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டிய விஷயம், ஒட்டுவது வேறு, இயக்குவது வேறு என்பது. ஒரு மருந்து ஏற்பியில் கெட்டியாக ஒட்டும், ஆனால் அரைகுறையாகத்தான் இயக்கும். இன்னொன்று லேசாக ஒட்டும், ஒட்டிய நேரத்தில் முழுசாக இயக்கும். இந்த இரண்டு குணத்தையும் பிரித்துப் பேசும் வழக்கம் 1950-களில் அரியன்ஸ், ஸ்டீஃபன்சன் ஆகியோரின் வேலையால் நிலைபெற்றது.

இதற்கு ப்யூப்ரெனார்ஃபினைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. மார்ஃபினும் ஹெராயினும் வேலை செய்யும் அதே ம்யூ ஓபியாய்டு ஏற்பியில்தான் இதுவும் ஒட்டும், அவற்றைவிடக் கெட்டியாக. ஆனால் ஏற்பியை அரைகுறையாகத்தான் இயக்கும், பார்ஷியல் அகோனிஸ்ட். அதனால் வலியைக் குறைக்கும், போதைப் பழக்கம் உள்ளவரின் உடல் தவிப்பை அடக்கும். அளவைக் கூட்டிக்கொண்டே போனாலும் மூச்சை அடக்கும் விளைவு ஒரு மட்டத்தோடு நின்றுவிடும். தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும், அது தனி விஷயம். இப்போது ஒருவர் சற்று முன்தான் ஹெராயின் எடுத்திருக்கிறார், அவருக்கு ப்யூப்ரெனார்ஃபின் கொடுத்துவிட்டார்கள் என்று வையுங்கள். கெட்டியாக ஒட்டும் குணத்தால் இது ஹெராயினை ஏற்பியிலிருந்து தள்ளிவிடும். ஆனால் ஹெராயின் அளவுக்கு இயக்காது. முழு இயக்கத்திலிருந்து அரை இயக்கத்துக்கு ஏற்பி ஒரேயடியாக இறங்க, வியர்வை, வாந்தி, உடல் முறுக்கு என்று விடுபடு அறிகுறிகள் கடுமையாக வந்துவிடும். ஒன்றும் எடுக்காதவருக்கு அகோனிஸ்டாகத் தெரியும் அதே மருந்து, ஏற்கெனவே முழு அகோனிஸ்ட் உடம்பில் ஓடுகிறவருக்கு ஆன்டகோனிஸ்டைப்போல நடந்துகொள்கிறது. அதனால்தான் விடுபடு அறிகுறிகள் தொடங்கும்வரை காத்திருந்து முதல் மாத்திரையைத் தருகிறார்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வரலாம்: தூண்டினால் தசை எப்படித் தளரும்?

அகோனிஸ்ட் தூண்டுவது ஏற்பியைத்தான், தசையை அல்ல. ஏற்பி இயங்கிய பிறகு என்ன நடக்கும் என்பதை அந்த ஏற்பியோடு செல்லுக்குள் என்ன இணைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் முடிவுசெய்கிறது. மூச்சுக்குழலின் மென்தசை செல்லில் பீட்டா-2 ஏற்பி இருக்கிறது. சால்பியூட்டமால் அதில் ஒட்டியதும் உள்பக்கம் ஜி-எஸ் என்ற புரதம் விழிக்கிறது. அது ஒரு நொதியை முடுக்க, செல்லுக்குள் சைக்ளிக் ஏஎம்பி அளவு ஏறுகிறது. அது இன்னொரு நொதியை எழுப்ப, அந்த நொதி தசையின் சுருங்கும் இயந்திரத்தை ஓட்டும் மயோசின் கைனேஸின் வேலையைக் குறைக்கிறது. கால்சியமும் இறங்குகிறது. பொட்டாசியம் வாயில்கள் திறந்து செல் இன்னும் அமைதியாகிறது. தசை தளர்கிறது, குழல் விரிகிறது. முதல் படியில் இயக்கம்தான், கடைசிப் படியில் தளர்வு. நடுவில் எந்த முரண்பாடும் இல்லை.

அட்ரினலினை எடுத்துக்கொண்டால் இது இன்னும் தெளிவாகும். ஏதோ ஊசியாலோ குளவிக் கடியாலோ ஒவ்வாமை முற்றி ரத்த அழுத்தம் விழுந்து, மூச்சு இரைக்கும் பெரியவருக்குத் தொடையின் வெளிப்பக்கத் தசையில் 0.5 மில்லிகிராம் அட்ரினலின் போடுகிறார்கள். அதே மூலக்கூறு ரத்தக்குழாய் மென்தசையின் ஆல்ஃபா-1 ஏற்பியில் ஒட்டும்போது கால்சியம் ஏறிக் குழாய் சுருங்குகிறது, அழுத்தம் எழும்புகிறது. மூச்சுக்குழல் மென்தசையின் பீட்டா-2 ஏற்பியில் ஒட்டும்போது தசை தளர்கிறது. இதயத்தின் பீட்டா-1 ஏற்பியில் ஒட்டும்போது துடிப்பு வேகமும் பலமும் கூடுகிறது. மூன்று இடத்திலும் அது அகோனிஸ்ட்தான். ஒரு தசை சுருங்குகிறது, ஒன்று தளர்கிறது, ஒன்று வேகமெடுக்கிறது. ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு வகை ஏற்பி இருக்க வேண்டும் என்று ரேமண்ட் ஆல்க்விஸ்ட் 1948-ல் சொன்னதும் இப்படிப்பட்ட எதிரெதிர் விளைவுகளைப் பார்த்துத்தான். நரம்பு முனைகள் விடும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளும் இப்படியே: எலும்புத் தசையைச் சுருக்கும், இதயத்தை மெதுவாக்கும்.

ஆஸ்தாலின் இன்ஹேலரில் ஒரு பஃப்புக்கு 100 மைக்ரோகிராம் சால்பியூட்டமால். ஐந்து நிமிடத்துக்குள் இரைப்பு குறையத் தொடங்கும், நான்கு முதல் ஆறு மணி நேரம் தாங்கும். நெபுலைசர் போட்டு முடித்தவரிடம் டீ டம்ளரைக் கொடுத்துப் பாருங்கள், பலருக்குக் கை நடுங்கும். அது பயத்தால் வருவது அல்ல. எலும்புத் தசையிலும் பீட்டா-2 ஏற்பிகள் உண்டு. அவை இயங்கும்போது மெதுவாகச் சுருங்கும் இழைகள் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தளர்ந்துவிடுகின்றன. அடுத்தடுத்த துடிப்புகள் ஒன்றோடொன்று கலந்து சீரான இழுப்பாக மாறாமல் தனித்தனியாகத் தெரிகின்றன. அதுதான் நடுக்கம். பொட்டாசியமும் தசைக்குள் போய் ரத்தத்தில் குறையும், அதனால் திரும்பத் திரும்ப நெபுலைசர் போடுகிறவருக்கு அதைப் பரிசோதிப்பார்கள்.

நடுவில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். சால்பியூட்டமால் தசையைத் தளர்த்தும், ஆனால் மூச்சுக்குழல் சவ்வின் வீக்கத்தை அது தொடாது. உடனே நிம்மதி கிடைப்பதால் பலர் அதை மட்டுமே வருடக்கணக்கில் அடித்துக்கொள்கிறார்கள், ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டுப் பயந்து மற்றதை நிறுத்திவிடுகிறார்கள். இது ஆபத்து. ஆஸ்துமாவுக்குச் சால்பியூட்டமாலை மட்டும் தனியே நம்பிச் சிகிச்சை செய்ய வேண்டாம் என்று உலக ஆஸ்துமா வழிகாட்டுதலான ஜினா 2019-ல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. உள்ளிழுக்கும் ஸ்டீராய்டு கூட இருக்க வேண்டும். அந்த ஸ்டீராய்டும், புடெசொனைடு என்று வையுங்கள், ஓர் அகோனிஸ்ட்தான். அதன் ஏற்பி செல்லின் உள்ளே இருக்கிறது, அது மரபணுக்களின் வேலையை மாற்றி வீக்கத்தைக் குறைக்கிறது. அதற்கு மணிக்கணக்கு, நாள்கணக்கு ஆகும். நிமிடத்தில் நிம்மதி தராததால் அது வேலை செய்யவில்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

எங்கே என்பதைப் பார்த்தோம். அதே அளவுக்கு முக்கியம், எவ்வளவு நேரம் என்பது. மருந்தியலில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

நரம்புத்தசைச் சந்திப்பில் நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் வெளியே வருகிறது. தசையின் நிகோட்டினிக் ஏற்பி ஒவ்வொன்றிலும் இரண்டு மூலக்கூறுகள் ஒட்ட, அதன் நடுவிலுள்ள வாயில் ஏறத்தாழ ஒரு மில்லிசெகண்டு திறக்கிறது. சோடியம் உள்ளே பாய்கிறது, மின்துடிப்பு தசையெங்கும் ஓடுகிறது, உள்ளேயிருந்து கால்சியம் வெளிப்பட்டு தசை சுருங்குகிறது. அதற்குள் அசிட்டைல்கோலின்எஸ்டரேஸ் நொதி அந்த அசிட்டைல்கோலினை உடைத்துவிடும். உடைந்தால்தான் ஏற்பி ஓய்வுக்குத் திரும்பும், அடுத்த துடிப்பு வர வழி பிறக்கும்.

இப்போது உடையாத ஓர் அகோனிஸ்டைப் போட்டால்? அதுதான் சக்சமெத்தோனியம். இரண்டு அசிட்டைல்கோலின் மூலக்கூறுகளை முதுகோடு முதுகாக ஒட்டியதுபோன்ற அமைப்பு. அவசர அறுவைச் சிகிச்சையில் மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட, நோயாளியை உறங்கவைத்த பின் இதை ரத்தநாளத்தில் செலுத்துவார்கள். அருகில் நின்று பார்த்தால் இமை துடிக்கும், முகம் துடிக்கும், மார்பு, கை, கால் என்று தோலுக்கடியில் சிறு சிறு துடிப்புகள் அலையாக ஓடும். ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் அடங்கி உடல் முழுக்கத் துவண்டுவிடும். ஏற்பி திறந்தது, தசை துடித்தது. ஆனால் சந்திப்பில் இருக்கும் நொதியால் இதை உடைக்க முடியாது. தசைச் சவ்வு மின்நிலை திரும்பாமல் அப்படியே நிற்க, பக்கத்திலுள்ள சோடியம் வாயில்கள் செயலிழந்து கிடக்கின்றன. புதிய துடிப்பு பிறக்க வழியே இல்லை. முழு அகோனிஸ்ட் ஒன்று, தன் வேலையை விடாமல் செய்ததாலேயே தசையை முடக்குகிறது.

மருந்து சந்திப்பிலிருந்து விலகி ரத்தத்துக்குப் போனதும் அங்குள்ள வேறொரு நொதி உடைக்கும், பத்து நிமிடத்துக்குள் பெரும்பாலும் மூச்சு திரும்பிவிடும். அந்த நொதி பிறப்பிலேயே குறைந்தவர்களுக்கு மணிக்கணக்கில் திரும்பாது. வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருக்க வேண்டியதுதான். தென்னிந்தியாவில் ஆரிய வைசிய சமூகத்தினரிடம் இந்த மரபுக் குறை மற்றவர்களைவிட அதிகம் காணப்படுவது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. "வீட்டில் யாருக்காவது மயக்க மருந்துக்குப் பிறகு கண் விழிக்க, மூச்சு விட ரொம்ப நேரம் ஆனதா?" என்று மயக்க மருத்துவர் கேட்டால் தயவுசெய்து யோசித்துச் சொல்லுங்கள்.

பூச்சிமருந்து விஷத்திலும் இதே விஷயம் வேறு வாசல் வழியாக நடக்கிறது. ஆர்கனோபாஸ்பேட்டுகள் ஏற்பியைத் தொடுவதில்லை. அசிட்டைல்கோலினை உடைக்கும் நொதியை முடக்குகின்றன. உடலின் சொந்த அகோனிஸ்ட் எல்லா இடத்திலும் தேங்குகிறது. வாயில் நுரை, மூச்சுக்குழலில் சளி, மெதுவான நாடி, ஊசிமுனைபோன்ற கண்மணி. தசைகளில் துடிப்பு, பிறகு பலவீனம். அட்ரோபின் கொடுத்தால் நுரையும் சளியும் வற்றும், நாடி ஏறும். ஏனென்றால் அட்ரோபின், சுரப்பிகளிலும் இதயத்திலும் உள்ள மஸ்கரினிக் என்ற வகை அசிட்டைல்கோலின் ஏற்பியின் ஆன்டகோனிஸ்ட். எலும்புத் தசையில் இருப்பது நிகோட்டினிக் ஏற்பி, அங்கே அட்ரோபினுக்கு வேலை இல்லை. நுரை வற்றியது, ஆள் பிழைத்தார் என்று எல்லோரும் மூச்சுவிடும் நேரத்தில், ஒன்றிலிருந்து நான்கு நாளைக்குள் கழுத்து, தோள், இடுப்புத் தசைகளும் மூச்சுத் தசைகளும் தளர்ந்து சிலர் மூச்சுத் திணறலுக்குப் போய்விடுவார்கள். இதைத் தனி நிலையாக அடையாளம் கண்டு 1987-ல் எழுதியவர்கள் இலங்கை மருத்துவர்களான சேனநாயக்கவும் கரல்லியத்தவும். இன்று உலகமெங்கும் இன்டர்மீடியட் சிண்ட்ரோம் என்ற பெயரில் படிப்பது இதைத்தான். படுக்கையருகில் அதற்கு ஓர் எளிய சோதனை உண்டு: தலையணையிலிருந்து தலையை மட்டும் தூக்கச் சொல்வது. முடியவில்லை என்றால் மூச்சுத் தசைகளையும் உன்னிப்பாகக் கண்காணிக்க வேண்டும். வார்டில் செஸ்ட் பிசியோதெரபி கொடுக்கப் போகும் நீங்கள் இதை முதலில் கவனிப்பவராக இருக்கலாம்.

பிரசவ வார்டிலும் நேரத்தின் விளையாட்டு உண்டு. குழந்தை பிறந்ததும் 10 யூனிட் ஆக்சிடோசின் போடுவது கருப்பைத் தசையைச் சுருக்கி ரத்தப்போக்கைத் தடுக்க. ஆனால் வலி வரவழைக்க நெடுநேரம் ஆக்சிடோசின் ஏற்றிய பின் ஏற்பிகள் அலுத்துப்போய், அந்தக் கடைசி ஊசிக்குக் கருப்பை சரியாகப் பதில் சொல்லாமல் போகலாம். அதனால்தான் அப்படிப்பட்டவர்களுக்கு ரத்தப்போக்கை எதிர்பார்த்து வேறு மருந்துகளையும் தயாராக வைத்திருப்பார்கள்.

கடைசியாக, உங்கள் இரண்டு வகுப்புகளும் உண்மையில் சந்திக்கும் ஓர் இடம் இருக்கிறது. அது தண்டுவடம்.

முழங்கால் சில்லுக்குக் கீழே சுத்தியலால் தட்டுகிறீர்கள். குவாட்ரிசெப்ஸ் சட்டென்று நீட்டப்பட, அதனுள் இருக்கும் ஸ்பிண்டில் என்ற நீட்சி உணரியிலிருந்து ஒன்-ஏ நரம்பு தண்டுவடத்துக்குச் செய்தி கொண்டுபோகிறது. அதன் ஒரு கிளை குவாட்ரிசெப்ஸின் நரம்புச் செல்லைத் தூண்டுகிறது, கால் உதைக்கிறது. இன்னொரு கிளை ஒரு சிறிய இடைநரம்பைத் தூண்டுகிறது. அந்த இடைநரம்பு கிளைசின் என்ற வேதிப்பொருளை, பின்தொடையிலுள்ள ஹாம்ஸ்ட்ரிங் தசையின் நரம்புச் செல்மீது விடுகிறது. கிளைசின் அங்கே தன் ஏற்பியின் அகோனிஸ்ட். அந்த ஏற்பி திறந்தால் குளோரைடு உள்ளே போகும், நரம்புச் செல் அடங்கும், ஹாம்ஸ்ட்ரிங் தளரும். ஒரு தசை அகோனிஸ்டாக வேலை செய்யும் அதே நொடியில் அதன் ஆன்டகோனிஸ்ட் வழிவிடுவதற்குக் காரணம் கிளைசின் என்ற வேதி அகோனிஸ்ட். எதிரெதிர்த் தசைகள் இப்படி ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுப்பதை விரிவாக ஆராய்ந்தவர் சார்ல்ஸ் ஷெரிங்டன், 1932-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

அந்தக் கிளைசின் ஏற்பியை அடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர் எட்டி மரமே பதில். எட்டிக்கொட்டையில் இருக்கும் ஸ்ட்ரிக்னின், கிளைசின் ஏற்பியின் ஆன்டகோனிஸ்ட். அது உடம்பில் ஏறினால் வழிவிடச் சொல்லும் செய்தி போய்ச் சேராது. லேசான சத்தம், தொடுதல் போதும், எல்லாத் தசைகளும் ஒரே நேரத்தில் இழுக்கும். எந்தப் பக்கத் தசை வலுவானதோ அந்தப் பக்கம் ஜெயிக்கும். முதுகை நிமிர்த்தும் தசைகள் வலுவானவை என்பதால் உடல் வில்லாக வளையும். டெட்டனஸிலும் இதே காட்சிதான், வழி மட்டும் வேறு: அந்தக் கிருமியின் நச்சு, கிளைசினும், காபா என்ற இன்னோர் அடக்கும் வேதிப்பொருளும் இடைநரம்பிலிருந்து வெளியே வராமலே செய்துவிடுகிறது. வாயைத் திறக்கும் தசைகளைவிட மூடும் தசைகள் பலசாலி, ஆகவே தாடை பூட்டிக்கொள்கிறது. ஏற்பி நன்றாக இருக்கிறது, அகோனிஸ்ட் வந்து சேரவில்லை. டெட்டனஸில் தரும் டயஸெபாம், காபா ஏற்பியின் அகோனிஸ்ட் என்று சிலர் எழுதிவிடுகிறார்கள். சரியில்லை. அது காபா ஒட்டும் இடத்தில் ஒட்டுவதில்லை, வேறோர் இடத்தில் ஒட்டி காபாவின் வேலையைக் கூட்டிக்கொடுக்கிறது. தேர்வில் கேட்டால் பிரித்து எழுதுங்கள்.

நீங்கள் தினமும் பார்க்கப்போகும் பக்கவாத, தண்டுவடக் காய நோயாளிகளிடம் இந்த அடக்கும் ஏற்பாடுதான் சீர்குலைந்திருக்கிறது. முழங்கையை நீட்டச் சொன்னால் ட்ரைசெப்ஸ் முயலும்போதே பைசெப்ஸும் இழுத்துக்கொள்ளும். அங்கே கொடுக்கும் பேக்லோஃபென், காபா-பி ஏற்பியின் அகோனிஸ்ட். அது தண்டுவடத்தில் தூண்டும் வேதிப்பொருள் வெளிப்படுவதைக் குறைத்து விறைப்பைத் தணிக்கிறது. உங்கள் கேள்விக்கு இதைவிட நேரான உதாரணம் இல்லை: ஓர் அகோனிஸ்ட், எலும்புத் தசையைத் தொடாமலே, அதைத் தளர்த்துகிறது. பெரியவர்களுக்கு வழக்கமாக 5 மில்லிகிராம் மூன்று வேளை என்று தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள். திடீரென்று நிறுத்தினால் விறைப்பு முன்னைவிட அதிகமாகத் திரும்பும், வலிப்பும் மனக்குழப்பமும் வரலாம்.

கூட்டும்போதும் கவனம் வேண்டும். பலவீனமான காலோடு நிற்கும் சிலர், அந்த விறைப்பின் மேல்தான் நிற்கிறார்கள். குவாட்ரிசெப்ஸுக்குச் சொந்த பலம் இல்லாதபோது முழங்காலை மடங்காமல் வைத்திருப்பது அந்த இறுக்கம்தான். அளவைக் கூட்டிய வாரத்தில் நேற்றுவரை நின்றவருக்கு முழங்கால் மடங்கிக்கொண்டு போகிறது என்றால், நோய் கூடிவிட்டது என்று முடிவுகட்டும் முன் மருந்துச் சீட்டைப் பாருங்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள்.